காட்சி கண்டேன்னு சொன்னா விசாரிக்கக் கூடாதுங்களா?

"மாதா எனக்குக் காட்சி கொடுத்தாங்க", "ஆண்டவர் ராத்திரி எங்கிட்ட பேசினாரு"ன்னு யாராச்சும் சொன்னா நம்ம பக்கத்துல பாதிப் பேரு கண்ணுல தண்ணி விட்டுருவாங்க, மீதிப் பேரு சிரிச்சிருவாங்க. நடுவுல விசாரிக்கிறதுன்னு ஒண்ணு இருக்குதுங்க. அதைச் செஞ்சா மட்டும் "உனக்கு விசுவாசம் பத்தலை"ங்கறாங்க.

பிரான்ஸ் நாட்டு லூர்துல மாதா காட்சி கொடுத்த கதையையே எடுத்துக்குங்க. 1858. காட்சி கண்ட புள்ள பெர்னதெத்துக்கு 14 வயசு, எழுதப் படிக்கத் தெரியாது, ஆஸ்துமா வேற. அப்பனோட மாவு ஆலை நொடிச்சுப் போய், குடும்பமே பழைய ஜெயில் அறை ஒண்ணுல ஒண்டிட்டு இருந்துச்சு. நம்மூர் மாதா கெபியில, அதாவது குகையில, இருக்கிற பெர்னதெத் சிலை சுத்தமா முக்காடு போட்டு, கைகூப்பி முழங்கால்ல நிக்கும். பிப்ரவரி 25 அன்னைக்கு அந்தப் புள்ள இருந்த கோலமே வேற. கெபித் தரையைக் கையால தோண்டி, சேத்துத் தண்ணிய அள்ளி, மூணு தடவை குடிக்க முடியாம கொட்டிட்டு, நாலாவது தடவை குடிச்சுது. புல்லைப் பிடுங்கித் தின்னுச்சு. மூஞ்சியெல்லாம் சேறு. புள்ளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு கூட்டம் முணுமுணுத்துச்சு. போலீஸ் கமிஷனர் கூப்பிட்டு மிரட்டினாரு. பங்குச் சாமியாரு, "அந்தம்மா பேரு என்னன்னு கேட்டுட்டு வா"ன்னு திருப்பி அனுப்பினாரு. ஆயர், அதாவது பிஷப், ஒத்துக்கிட்டது 1862-லதான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெருசாப் படுது. காசு நீட்டினவங்ககிட்ட அந்தப் புள்ள வாங்கலை. 1866-ல நெவேர்ங்கற ஊர்ல கன்னியர் மடத்துக்குப் போனது லூர்துக்குத் திரும்பவே இல்லை. ஊரு உலகமெல்லாம் அந்த ஊத்துத் தண்ணிக்கு வந்துட்டு இருக்க, அது மட்டும் 35 வயசுல காசநோயில செத்துப் போச்சு. லூர்துல சுகமாச்சுன்னு சொல்லப்பட்டது 7,000-க்கு மேல. அதுல அற்புதம்னு திருச்சபை ஏத்துக்கிட்டது 2018 வரைக்கும் 70.

அவ்வளவு தூரம் எதுக்கு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினா திருச்சூர்ப் பக்கம் புத்தன்சிறை. அங்க மரியம் திரேசியாங்கறவங்க காட்சி கண்டப்ப ஆயர் மாலை போட்டு வரவேற்கலைங்க. பேயா இருக்குமோன்னு 1902-ல இருந்து 1905 வரைக்கும் பேயோட்டச் சொன்னாரு! 2019-ல அதே அம்மாவுக்குப் புனிதர் பட்டம். ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி அவிலா தெரேசா கண்ட காட்சிகளையும் அவங்க ஆன்ம குருக்களே பேயோட வேலைன்னுதான் முதல்ல சொன்னாங்க. காட்சி கண்டேன்னு சொன்ன பிரெஞ்சுப் பொண்ணு ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431-ல எரிச்சே போட்டுட்டு 1920-ல புனிதராக்கினாங்க. இதெல்லாம் நியாயம்னு சொல்ல வரலை. 1917-ல போர்ச்சுகல் நாட்டுப் பாத்திமாவுல மாதா காட்சி கண்ட 10, 9, 7 வயசுப் புள்ளைகளைப் பிடிச்சு அடைச்சு வெச்சதெல்லாம் அக்கிரமம். ஆனா காட்சியால அவங்க யாரும் சம்பாரிக்கலை. பட்டதுதான் மிச்சம்.

காங்கேயம் பக்கத்துல நம்ம சிவன்மலை முருகன் கோயிலைப் பாருங்க. சாமி உத்தரவு கொடுத்த பொருளை வெக்கிறதுக்குன்னே அங்க ஒரு பெட்டி இருக்குது. உத்தரவுப் பெட்டியில இன்ன பொருளை வைக்கச் சொல்லி முருகன் கனவுல வந்தாருன்னு ஒரு பக்தர் வந்து சொன்னா, உடனே தூக்கி வெச்சிடறாங்களா? சாமிகிட்ட பூப்போட்டுக் கேக்கறாங்க. உத்தரவானாத்தான் பெட்டிக்குள்ள போகும். கனவு கண்டவரு அதோட அவரு சோலியப் பார்க்கப் போயிருவாரு. மலைக்குக் கீழ மேடை போட்டு மைக் பிடிக்கிறதில்லை.

இந்தப் பக்கம் ஜெபக் கூட்டத்துக்குப் போங்க. "இங்க பச்சைச் சேலை கட்டின சகோதரி, உங்களுக்கு முழங்கால் வலி, ஆண்டவர் காட்டுறாரு!" ஏனுங்க, மைதானம் நிறைய பொம்பளைங்க, அதுல பச்சைச் சேலைக்கும் முழங்கால் வலிக்குமா பஞ்சம்? அடுத்த நிமிசமே காணிக்கைப் பை சுத்தி வருது. போஸ்டர்ல இயேசு படத்தை விட இவரு படம்தான் பெருசு. எனக்குச் சந்தேகம் வர்றதே அந்தப் போஸ்டர்லதான்.

2024 மே மாசம் வத்திக்கான் புது விதிமுறை போட்டுச்சு. காட்சியை ஆராய்ஞ்சு தடையில்லைன்னு ஆயர் சொல்லலாம், பக்திக்கு அனுமதி கொடுக்கலாம். ஆனா இது தெய்வத்துகிட்ட இருந்து வந்ததுன்னு பொதுவா அறிவிக்கறதில்லைன்னு வெச்சிருக்காங்க. லூர்தையோ பாத்திமாவையோ நம்பியே ஆகணும்னுகூட கத்தோலிக்கருக்குக் கட்டாயம் கிடையாது. அப்படியிருக்க, யூடியூப்ல ஒருத்தரு சொன்ன தரிசனத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல பத்துப் பேருக்கு அனுப்பாததுக்கு எங்க சித்திக்கு மட்டும் எதுக்குங்க நரகம்?