1ஏபி என்பதை மட்டும் பார்த்துச் சேர்க்கலாமா?
'1ஏபி பாடசாலையென்றால் யோசிக்காமல் சேர்க்கலாம்' என்ற வரி தரம் 1க்குப் பொருந்தாது. இலங்கைப் பாடசாலைகளின் அந்த வகைப்பாடு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இருப்பதைத்தான் காட்டும். ஆரம்பப் பிரிவு எப்படியென்று காட்டாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளையை ஐந்து வயதிலேயே வாவி கடத்தி மட்டக்களப்பு ரவுணுக்கு அனுப்புவது வீண் அலைச்சல். பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கான பிரிவில் விண்ணப்பித்தாலும், அதைவிட வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒவ்வொரு ஆரம்பப் பிரிவுக்கும் புள்ளி வெட்டுவார்கள். வாக்காளர் இடாப்புப் பதிவையும் பின்னோக்கிப் பார்ப்பார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் ரவுண் பாடசாலையின் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் தரம் 6இல் மாறலாமே! பக்கத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக் கொப்பி ஒன்றை வாங்கிப் புரட்டுங்கள்: கடைசியாகத் திருத்திய திகதி, பிழைக்குப் பக்கத்தில் சரியை எழுதிக் காட்டியிருக்கிறதா அல்லது வெறும் சிவப்புக் கோடா. சாதாரண தரத்தில் 'நூறு வீதம் சித்தி' என்றால், எத்தனை பேர் தோற்றினார்கள் என்றும் கேளுங்கள்.