தாலி ஏறிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, அண்ணா

சனிக்கிழமை இங்கே அமெரிக்காவில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில், அமெரிக்கக் குடிமகனை மணந்து வரும் பெண்களைப் பற்றிப் பேச்சாளர் அண்ணன் ஒருவர் உதிர்த்த நகைச்சுவையை இதற்குள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். "முதல் வருஷம் தாலி, மூணாம் வருஷம் பாஸ்போர்ட்" என்றதும் அரங்கம் அதிர்ந்தது. நடுவர் மணியடிக்க மறந்து சிரித்தார். நான் நான்காவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த அத்தை சிரிக்கவில்லை, என் கணவர் சிரித்தார் என்பதையும் இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

அந்த மூன்று ஆண்டு, தாலி ஏறிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அமெரிக்கக் குடிமகனை மணந்த பெண், நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டுகள் நிறைந்தால்தான் குடியுரிமைக்குத் தகுதி பெறுகிறாள். நிரந்தரவாசி அட்டையான கிரீன் கார்டில், அந்த நிலை தொடங்கியதாக அச்சிட்டிருக்கும் தேதிதான் கணக்கு. அந்த மூன்று ஆண்டும் கணவர் குடிமகனாகவே இருந்திருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 18 மாதங்கள் அவள் இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு வரியில் அடக்கினால் கைதட்டல் வராது என்பது எனக்கும் புரிகிறது.

எனக்கு 2021 பிப்ரவரியில் கும்பகோணத்தில் திருமணம் நடந்தது. விசா கிடைத்து நான் இங்கே நிரந்தரவாசியாக வந்து இறங்கியது 2023 ஜூன் 14. இடைப்பட்ட இரண்டு ஆண்டு நான்கு மாதங்களில், "மாப்பிள்ளை எப்பம்மா கூட்டிக்கிட்டுப் போவாரு?" என்று பால்காரர் முதல் கோயில் குருக்கள் வரை கேட்டுவிட்டார்கள். அந்தக் காலம் சட்டத்தின் கணக்கில் ஒரு நாள்கூடச் சேராது. மூன்று ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்பதால் எனக்கு வாசல் திறப்பது 2026 மார்ச் 16. அன்றைக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டு கடந்திருக்கும். எந்த மூன்றாம் ஆண்டைச் சொன்னீர்கள், அண்ணா?

என் தோழி ஒருத்தியின் கதை இன்னும் வேடிக்கை. அவளுக்குக் கிரீன் கார்டு கிடைத்தது 2022இல். அவள் கணவர் குடிமகனானது 2025இல். அவர் குடிமகனாகி மூன்று ஆண்டு நிறைய 2028 ஆகும். அதற்குள் 2027இலேயே எல்லோருக்கும் உரிய ஐந்தாண்டுக் கணக்கு அவளுக்கு முடிந்துவிடும். குடிமகனின் மனைவி என்ற சலுகையால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

"சிரிப்புக்குச் சொன்னதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்பார்கள். எடுத்துக்கொண்டிருப்பேன், 2024 செப்டம்பர் இல்லாதிருந்தால். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஓடினேன். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், தொடர்ந்து வசித்த கணக்கு அறுந்துவிட்டதாகவே முதலில் கருதுவார்கள். ஆகவே பாத்திரக் கடையில் கொடுத்த தினசரி நாட்காட்டியில் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் எண் எழுதிவைத்து, காலையில் கிழித்துக்கொண்டு வந்தேன். அது அப்பாவின் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு நாள் குழறிய வாயால், "என்னம்மா, நாளை எண்றியா?" என்றார். "ஊருக்குப் போற நாளைத்தாம்பா" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். 172ஆம் நாள் விமானம் ஏறினேன். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். தம்பி கொள்ளி வைத்ததை அலைபேசியில் பார்த்தேன்.

அதிகமாக இருந்திருந்தாலும் காரணத்தைச் சான்றோடு விளக்கியிருக்கலாமே என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஓராண்டை எட்டினால்தான் கணக்கு அடியோடு அறும்; ஆறு மாதம் தாண்டியதற்கு விளக்கம் சொல்ல இடமுண்டு. நான் கேட்ட வழக்கறிஞரும் "பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பி இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும் துணிச்சல் எனக்கு இல்லாமல் போயிற்று. அது என் குறை.

மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு, உங்களுக்கு மூன்றுதானே என்று கேட்டால், ஆம், சலுகைதான், மறுக்கவில்லை. வேலை வழிக் கிரீன் கார்டுக்கு, ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பில் சிக்கி, நம்மவர்கள் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்துக் கிடக்கிறார்கள். அந்த அண்ணனும் அந்த வரிசையில்தான் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும், வருத்தமும் உண்டு. ஆனால் குடிமகனின் மனைவி அந்த உச்சவரம்புக்குள் வருவதே இல்லை. அவருடைய இடத்தை நான் பறிக்கவில்லை. போலித் திருமணங்கள் இல்லையா என்றால், அவற்றை விசாரிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். பட்டிமன்ற மேடை தேவையில்லை.

அண்ணனுடைய நகைச்சுவைக்குப் பொருத்தமான காலம் ஒன்று இருக்கத்தான் செய்தது. 1855 முதல் 1922 வரை, அமெரிக்கரை மணந்த அயல்நாட்டுப் பெண் மணந்த அக்கணமே குடிமகளாகிவிடுவாள். அதிலும், தானாகக் குடியுரிமை பெறும் தகுதி அவள் இனத்துக்கு இருந்தால்தான். இந்தியர்களுக்கு அந்தக் கதவு சட்டப்படி திறந்ததே 1946இல். நூறு ஆண்டு பழைய நகைச்சுவை, அதுவும் நமக்குக் கிடைக்காததைப் பற்றியது.

இன்னொன்றை யாரும் மேடையில் சொல்வதில்லை. குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள் வரை அந்தத் திருமணம் நிலைத்திருக்க வேண்டும். இடையில் விவாகரத்து ஆனாலோ கணவர் இறந்தாலோ மூன்றாண்டு வழி மூடிவிடும். ஐந்தாண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கொடுமை என்று சொல்ல முடியாத, ஆனால் தினமும் தொண்டையில் நிற்கிற சின்னச் சின்ன அவமானங்களுக்கு எந்த விலக்கும் இல்லை. சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதத்தின் முடிவில், "மார்ச் வரைக்கும் பொறுத்துக்கோ" என்று என் கணவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்த அரங்கச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான்.

இந்தப் பதிவை நீக்கச் சொல்லிக் கணவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். நீக்கப் போவதில்லை.

குடியுரிமை வந்ததும் இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். நேற்று இரவு அதை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் முதல் வரியில் அப்பாவின் பெயர். அண்ணன் சொன்ன அந்தப் பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு வரி கிடையாது.