மெட்ரோ வரட்டும், அதுவரைக்கும் பஸ்ஸைக் குறைக்காதீர்கள்

மெட்ரோ வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட்ரோ வேலையால் பஸ் பயணிகள் படும் பாட்டைப் பற்றிப் பேசினாலே "வளர்ச்சிக்கு எதிரி" என்று யாராவது கிளம்பி வந்துவிடுகிறார்கள். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் (மூன்றாவது வழித்தடம்), கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி (நாலாவது), மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் (ஐந்தாவது) என மூன்று புது வழித்தடங்கள். கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர், 63,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. சென்னைக்கு இது கட்டாயம் தேவை. நான் கேட்பது ஒன்றுதான். இது கட்டி முடிகிற வரைக்கும் பஸ்ஸை நம்பி இருக்கிறவர்கள் எப்படிப் போய் வருவது?

பஸ்ஸைக் குறைக்கப் போகிறோம் என்று யாரும் அறிவித்துவிட்டுக் குறைப்பதில்லை. தடம் எண் அப்படியே இருக்கும், டிப்போவில் வண்டியும் இருக்கும். சாலையை அடைத்ததும் பஸ் சுற்றிப் போகத் தொடங்கும், அங்கேதான் குறைப்பு ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷிப்டில் ஆறு நடை போன டிரைவரும் கண்டக்டரும் இப்போது நாலு நடைதான் போக முடியும். மூன்றில் ஒரு பங்கு சேவை காணாமல் போயிற்று, கணக்கில் ஒரு பஸ்கூடக் குறையவில்லை. ஷிப்ட் முடிகிற நேரம் நெருங்கினால் 'கட்' போர்டு போட்டுப் பாதி வழியில் திருப்புவதைத் தவிர அவர்களுக்கும் வேறு வழியில்லை. பழையபடி பஸ் வர வேண்டுமென்றால் இரண்டு பஸ் ஓடிய இடத்தில் மூன்று ஓட வேண்டும். ஆனால் மாநகராட்சி எல்லை 2011-இல் 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்த பிறகும், நகரத்தின் பஸ் எண்ணிக்கை மூவாயிரத்துச் சொச்சத்திலேயே நிற்கிறது. கூடுதல் வண்டிக்கு எங்கே போவார்கள்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மெட்ரோவை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் தோண்டுவதில்லை. கூட்டம் எங்கே அதிகமோ அங்கேதான் தோண்டுகிறார்கள், அதாவது பஸ்கள் அதிகமாக ஓடுகிற சாலைகளில். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, பனகல் பார்க், கோடம்பாக்கம், வடபழனி என்று 12பி போகிற பாதையின் பெரும்பகுதிதான் நாலாவது வழித்தடத்தின் பாதையும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரும் 29சி, லஸ், மந்தைவெளி, அடையாறு என்று மூன்றாவது வழித்தடத்தின் மேலேயே வருகிறது. லஸ் பக்கத்தில் திருமயிலை நிலையத்தில் இரண்டு வழித்தடங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கடக்கின்றன, ஆழம் சுமார் 35 மீட்டர். அது மாதக்கணக்கில் முடிகிற வேலை இல்லை. ஆக, நகரத்தில் அதிகம் பேர் ஏறும் தடங்கள்தான் வருடக்கணக்கில் அடி வாங்குகின்றன.

காலை எட்டரை மணிக்கு மந்தைவெளி, லஸ் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தகரத் தடுப்புக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஆள் நிற்க இரண்டு அடி இடம் இருந்தால் பெரிது. பஸ் ஓரம் கட்ட முடியாமல் நடுச்சாலையில் நிற்கிறது. முன்னால் நிற்குமா பின்னால் நிற்குமா என்று தெரியாமல் சனம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. நடைபாதை மேல் நின்று ஏறுவதற்கும் சாலையில் நின்று ஏறுவதற்கும் ஒரு படி வித்தியாசம். நமக்கு அது தெரியாது, முட்டி தேய்ந்தவர்களுக்குத் தெரியும். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, ஒரு கையில் வயர் கூடை, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்க முடியாமல் நின்றார். பின்னால் ஹாரன் சத்தம். கண்டக்டர் கீழே இறங்கி வந்து, "பாத்து ஏறும்மா, வண்டி போயிடாது" என்று கூடையை வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டார். இந்த நெருக்கடியில் நாள் முழுக்கத் திட்டு வாங்குவது டிரைவர் கண்டக்டர்கள்தான். தயவுசெய்து அவர்களிடம் கத்தாதீர்கள்.

அப்புறம் ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் சாலை. கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைத்தது அரசுதான். வீடு அங்கே போனது, வேலை அடையாறிலும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நின்றுவிட்டது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். காலையில் மூன்று வீடு பார்க்கிறவருக்கு முதல் பஸ் தவறினால் மூன்று வீட்டிலும் பேச்சு வாங்க வேண்டும், மாதக் கடைசியில் சம்பளத்திலும் கைவைப்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம், 'விடியல் பயணம்' என்று பெயர். இந்த மாநிலத்தில் வந்த மிக நல்ல திட்டங்களில் அதுவும் ஒன்று என்று மனதார நம்புகிறேன். ஆனால் அந்தப் பஸ் வந்தால்தானே விடியல் பயணம்? வரவில்லை என்றால் டீலக்ஸில் காசு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. ஒரு நடை குறையும்போது அந்தப் பெண்ணின் கையிலிருந்து பணமும் போகிறது. எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இந்தச் செலவு ஏறுவதில்லை.

இதே ஓஎம்ஆரில் 2021 ஆகஸ்ட் 30 முதல் பெருங்குடி உட்பட நான்கு சுங்கச்சாவடிகளில் கட்டணம் வாங்குவதை நிறுத்தினார்கள். மெட்ரோ வேலையால் சாலை நெரிசலாகிவிட்டது, மக்கள் சிரமப்படுகிறார்கள் என்பதுதான் காரணம். நியாயமான முடிவு, குறை சொல்ல மாட்டேன். கட்டுமானத்தால் கஷ்டப்படுகிறவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. காரில் போகிறவருக்குச் சுங்கம் மிச்சம். அதே நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவருக்கு என்ன ஈடு?

ரயில் பக்கமும் இதே கதைதான். கடற்கரை–எழும்பூர் நாலாவது பாதைக்காக 2023 ஆகஸ்ட் 27 அன்று பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். கடற்கரை வரைக்கும் மறுபடி ரயில் ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. பதினாலு மாதம்! வேளச்சேரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் பாரிமுனைக்கும் ஒரே ரயிலில் போனவர்கள் அத்தனை நாளும் இறங்கி ஏறி அலைந்தார்கள். வேலை தாமதமாகலாம், நிலத்துக்கு அடியில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தாமதம் ஏழு மாதம் நீண்டால் மாற்று ஏற்பாடும் ஏழு மாதம் நீள வேண்டும், அதற்கான பணம் ஆரம்பத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

"மெட்ரோ வந்துட்டா பஸ் எதுக்கு, கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க" என்று சொல்கிறார்கள். பொறுக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தவணையில் ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பையன் பஸ்ஸுக்கு நின்று நின்று வெறுத்துப்போய் வண்டி வாங்கிவிட்டால், மெட்ரோ திறந்த அன்றைக்கு அதை வீட்டில் நிறுத்திவிட்டு வருவானா? நாளைக்கு மெட்ரோவில் ஏற வேண்டியவர்கள் இன்றைக்குப் பஸ்ஸில் இருப்பவர்கள்தான். அவர்களை இப்போது விரட்டிவிட்டால் அந்த 63,000 கோடிக்கும் நஷ்டம். மெட்ரோ வந்த பிறகும் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகப் பஸ் வேண்டும் என்பது வேறு.

பஸ், ரயில், மெட்ரோ மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலியும் வந்தது, மூன்றுக்கும் ஒரே டிக்கெட். நல்ல விஷயம். அதே குழுமம் இன்னொன்றையும் கையில் எடுக்கட்டும். ஒரு சாலையை அடைக்க அனுமதி கேட்கும்போதே, அதனால் எந்தெந்தத் தடத்தில் எத்தனை நடை போகும் என்று கணக்கு வாங்க வேண்டும். அதை ஈடுகட்டத் தேவையான பஸ்களுக்கான செலவைக் கட்டுமானச் செலவிலேயே சேர்க்க வேண்டும். தடுப்பு வைத்துக் குறுகிப்போன சாலையில் கார் நிறுத்துவதை அடியோடு தடை செய்ய வேண்டும். நிறுத்தத்தை நகர்த்தினால் புது இடத்தில் ஏறி நிற்க ஒரு மேடை, மேலே கூரை, தடம் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகை. செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, அந்தக் கூடைக்கார அம்மாவிடம் செயலி கிடையாது. வேலை முடிந்து தடுப்பை எடுத்ததும் பஸ் பழைய தடத்துக்கே திரும்ப வேண்டும். அதற்கு ஒரு தேதியும் பலகையில் இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில் எந்த நிறுத்தம் இடம் மாறியது, எந்தத் தடம் எந்த நேரத்தில் வருவதில்லை என்று கீழே எழுதுங்கள். தடம் எண்ணும் நேரமும் இருந்தால் போதும், உங்கள் பெயர் தேவையில்லை. எல்லாவற்றையும் தொகுத்துத் தொகுதி வாரியாக மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மந்தைவெளி, லஸ், அடையாறு, கோடம்பாக்கம், பெருங்குடிக்காரர்கள் முதலில் எழுதுங்கள்.