குறைந்தபட்ச சம்பளம் பெண்களுக்கும் 30,000 ரூபாய்தான்

திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மாதம் 30,000 ரூபாய் குறைந்தபட்ச சம்பளம் ஆண்களுக்கு மட்டும். கடையில் நிற்கும் பெண்களுக்கு முதலாளி விரும்பியதைக் கொடுக்கலாம்."

இது பொய்.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று கிடையாது. 2025இல் வந்த திருத்தத்தின்படி அந்தத் தொகை 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நாட்கூலி என்றால் 1,200 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் போடவேண்டிய 12 வீதத்தை இந்தச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. அது அவர் தன் பணத்தில் கட்டவேண்டியது. சமவேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்பாட்டை இலங்கை 1993இலேயே ஏற்றுவிட்டது.

இப்படியான செய்தி யாரைப் பாதிக்கும்? மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் ஏறி நகரத்துப் புடவைக்கடைகளுக்கு வரும் பிள்ளைகளைத்தான். சட்டமே அப்படித்தான் என்று நம்பிவிட்டால் அவர்கள் கேட்கவே மாட்டார்கள். எனக்கு இதில்தான் கவலை.

சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சட்டத்தைப் பாருங்கள், அல்லது திருகோணமலையிலுள்ள தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.