எந்தச் சண்டைல செத்தான்னு பார்த்துட்டுதான் அழுவோமா?

ஜூலை 26 வந்தா நம்ம வேலூர்ல கார்கில் ஃப்ளெக்ஸ், வாட்ஸாப் ஸ்டேட்டஸ், ஸ்கூல்ல பேச்சுப்போட்டின்னு களைகட்டும். அதுக்கு முன்னாடி ஜூலை 10 அன்னிக்கு மக்கான் கிட்ட இருக்கற சிப்பாய் புரட்சி தூணுக்கு மாலை போடுவாங்க, 1806ல கோட்டைக்குள்ள வெள்ளைக்காரன எதிர்த்து செத்தவங்களுக்காக. ரெண்டும் வேணும், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கு ரொம்ப நாளா உறுத்திகினு இருக்கறது இன்னான்னா, நமக்குப் புடிச்ச சண்டைல செத்தவன மட்டுந்தான் நாம வீரன்னு சொல்றோம். புடிக்காத சண்டைக்கு ஒருத்தன அனுப்பி அவன் செத்துட்டா, அது அவங்க வீட்டோட போச்சு.

கம்மவான்பேட்டை தெரியும்ல, ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க, வீட்டுக்கு வீடு மிலிட்டரி. எங்க ஊரும் அந்தப் பக்கந்தான். எங்க எதிர்வீட்டு அண்ணன் ஒருத்தர் வெலிங்டன்ல ட்ரெய்னிங் முடிச்சுட்டு மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தாரு. லீவுல வந்தா திண்ணைல ஒக்காந்து பிராஸோ போட்டு பெல்ட் பக்கிள தேய்ச்சுகினு இருப்பாரு, நாங்க பசங்க சுத்தி நிப்போம், எங்ககிட்டயும் துணிய குடுத்து "மூஞ்சி தெரியணும்டா அதுல"ன்னுவாரு. காலைல இருட்டோட ஏரிக்கரைல எங்கள ஓட வுடுவாரு, ஓடாதவனுக்கு கேன்டீன் பிஸ்கட் கெடையாது. அவ்ளோதான் அவரு. பெரிய வீர வசனம்லாம் பேசி நான் கேட்டதில்ல. சம்பளம் வந்தா தங்கச்சி கல்யாணத்துக்கு சேக்கணும், மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும், இதான் பேச்சு.

1987 ஜூலை 29 ராஜீவ் காந்தி - ஜெயவர்த்தனே ஒப்பந்தம், அமைதிப்படைன்னு சொல்லி இலங்கைக்கு அனுப்புனாங்க, அக்டோபர்ல அது புலிகளோட நேரடி சண்டையா மாறிடுச்சு. அந்த சண்டைல யாழ்ப்பாணத்துல அவரு போயிட்டாரு. தந்திதான் வந்துச்சு. அப்பல்லாம் பெரும்பாலும் உடம்பு ஊருக்கு வராது, பெட்டில கொடி போத்தி கொண்டாந்து ஊரே கூடி அனுப்பறதெல்லாம் கார்கில் சண்டைலேர்ந்து வந்த பழக்கம். பின்னால அவரோட கறுப்பு ட்ரங்க் பெட்டி வந்துச்சு, மேல வெள்ள பெயின்ட்ல நம்பரு, பேரு, ரெஜிமென்ட். இன்னிக்கும் அந்த வீட்ல இருக்குது, பழைய துணி போட்டு வெச்சிருக்காங்க. ஊர்ல அவரு பேரு எழுதியிருக்கற ஒரே எடம் அதான்.

ஏன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்துல தமிழ்நாட்ல ஈழத்துப் பிள்ளைங்களுக்காக உண்டியல் குலுக்காத தெரு கெடையாது. அமைதிப்படை அங்க பண்ண அநியாயமும் சும்மா கெடையாது, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து 1987 அக்டோபர்ல டாக்டர், நர்ஸ், நோயாளின்னு சுட்டாங்க, 1989ல வல்வெட்டித்துறைல ஊர் ஜனங்கள சுட்டாங்க. அத மறைச்சுட்டு யாரும் எங்கிட்ட தேசபக்தி பேச வராதீங்க. 1990 மார்ச்ல மிச்சப் படை மெட்ராஸ் துறைமுகத்துல வந்து எறங்குனப்போ முதலமைச்சரா இருந்த கலைஞர் வரவேற்கப் போகல, தமிழங்களக் கொன்ன படைன்னு அவரு சொன்ன காரணத்துல நியாயம் இருந்துச்சுன்னுதான் நான் இப்பவும் நெனைக்கிறேன். ஆனா படைய அனுப்பற முடிவெல்லாம் டெல்லில எடுத்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு காசு சேத்துகினு இருந்த பையன கேட்டா எடுத்தாங்க? போகச் சொன்னாங்க, போனான். அவங்க ஆயா சாகற வரைக்கும் ஒண்ணுதான் சொல்லிகினு இருந்துச்சு, "எம்பேரன் போன சண்டைய யாரும் சண்டைன்னே சொல்ல மாட்றாங்களே."

இதுல கொடுமை, அந்த சண்டைல செத்த கிட்டத்தட்ட 1200 இந்திய சிப்பாய்ங்களுக்கு மொதல்ல பெருசா நினைவுச்சின்னம் கட்டி பேர் பேரா கல்லுல வெட்டி வெச்சது கொழும்பு பக்கத்துல, கோட்டேல, 2008ல தெறந்தாங்க. கட்டுனது இலங்கை அரசாங்கம்! அவனுக்கு அதுல ஒரு அரசியல் இருக்குது, அது வேற. நம்மாளு பேரு அங்க இருக்குது, இங்க நம்ம ஊர்ல இல்ல.

இது இன்னிக்கு நேத்து கதையும் இல்ல. லாங் பஜார்ல மணிக்கூண்டு இருக்குல்ல, பூ வாங்க, காய் வாங்கன்னு தெனம் அது கீழதான் போறோம். அதுல ஒரு கல்லு இருக்குது, முதல் உலகப் போருக்கு இங்கேர்ந்து 277 பேரு போனாங்க, 14 பேரு உயிர வுட்டாங்கன்னு இங்கிலீஷ்ல. பதினாலு பேரு, ஒருத்தன் பேரும் இல்ல. இராக்ல இருக்கற பஸ்ராவுல பிரிட்டிஷ்காரன் கட்டுன நினைவுச் சுவர்லயும் இதே கததான், அவன் ஊரு சிப்பாய்க்கு பேரு, நம்ம சாதா சிப்பாய்க்கு ரெஜிமென்ட்டும் எண்ணிக்கையும் மட்டும். இந்த மாதிரி பாகுபாட்டுக்கெல்லாம் 2021லதான் அவங்க காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் (CWGC) மன்னிப்பு கேட்டுச்சு.

வெள்ளைக்காரனுக்கு நம்ம பேரு தேவப்படல, சரி. நமக்கு இன்னா கேடு? நடுகல்லுக்கு பேர் போனதே நம்ம பழைய வடார்க்காடு ஜில்லாதான. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல், மகேந்திரவர்மன் காலம், ஆயிரத்து நானூறு வருஷம் ஆவுது. மாட்டு மந்தைக்காக செத்த கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன் பேரு அதுல இருக்குது, கூட அவன் நாய் பேரும் இருக்குது, கோவிவன், ரெண்டு கள்ளன கடிச்சுதுன்னு. நாய்க்கும் பேரு வெட்டுன ஜில்லாவுல பதினாலு மனுஷனுக்கு வெறும் நம்பரு, எங்க அண்ணனுக்கு அதுவும் இல்ல. அந்தக் கல்ல வெட்டுனவன் இது நியாயமான சண்டையா, யார் பக்கம் தப்புன்னு விசாரிச்சுட்டா வெட்டுனான்? நம்ம ஊர்க்காரன் செத்தான், பேர எழுதுன்னு எழுதுனான்.

அண்ணன் பேர இங்க போடலாமான்னு அவரு தம்பிகிட்ட போன வாரம் கேட்டேன். வேணாம்ப்பா, இலங்கைன்னு பார்த்த ஒடனே நாலு பேரு வந்து துரோகின்னுவான், நாலு பேரு வந்து ஜெய்ஹிந்த்ன்னு கத்துவான், ரெண்டும் எங்க வீட்டுக்கு வேணாம்னுட்டாரு. அவரு சொல்றதும் சரிதான், அதான் போடல.

ஆனா மணிக்கூண்டு பதினாலு பேரையாவது தேடலாம். அந்த போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல பழைய சிப்பாய்ங்க பேருக்குப் பக்கத்துல அப்பா பேரு, ஊரு, நார்த் ஆற்காடுன்னு நெறைய பேருக்கு போட்டிருக்கான். காலேஜ்ல ஹிஸ்டரி படிக்கற பசங்களுக்கு ப்ராஜெக்ட்டா குடுத்தாலே பாதி வேல முடிஞ்சுது, மீதிக்கு ஊர் ஊரா போய் கேக்கணும். அமைதிப்படைக்குப் போனவங்க விவரத்துக்கு முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல ஆரம்பிக்கலாம். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி பக்கம் யாராவது இத செய்ய ரெடின்னா இன்பாக்ஸ் வாங்க. வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம யார் பேரையும் போஸ்ட்ல போடாதீங்க.