அடி கறுத்த தக்காளிக்கு எப்சம் உப்பு மருந்தல்ல

“தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுகிறதா? ஒரு ஸ்பூன் எப்சம் உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், சரியாகிவிடும்” என்ற குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறு.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அடி கறுப்பதோ காய்க்குப் போதிய கால்சியம் போய்ச் சேராததால். மெக்னீசியத்தை அள்ளிப் போட்டால் அது வேரில் கால்சியத்தோடு போட்டி போடும், உள்ளதும் போச்சு!

பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கவே செய்யும். அது தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். தொட்டியைக் காயவிட்டு, பிறகு வெள்ளமாக ஊற்றினால் கால்சியம் காயின் அடிவரை எட்டாது. அந்த அடியில், அதாவது பூ உதிர்ந்த பக்கத்தில், முதலில் நீர்கோத்த மாதிரி சின்னப் புள்ளி தெரியும்; அப்புறம் அது தோல்போலக் கறுத்துக் குழிவிழும். எனவே விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் சீராக இருக்கும்படி ஊற்றுங்கள். மண்மேல் காய்ந்த இலை, வைக்கோல் பரப்பி மூடாக்கு போடுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தைக் குறையுங்கள்.

“இலைகளை எல்லாம் கிள்ளினால் சத்து காய்க்குப் போகும்” என்பதும் கூடவே வருகிறது. காய்க்குச் சர்க்கரை தயாரித்துக் கொடுப்பதே இலைதானே! மண்ணைத் தொடும் அடி இலைகளையும், கொடிபோல வளரும் ரகமானால் பக்கக் கிளைகளையும் கிள்ளினால் போதும். மொட்டையடித்தால் காய் வெயிலில் வெந்து வெளுத்துவிடும்.

பழைய இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மெக்னீசியக் குறைவாக இருக்கலாம். எப்சம் உப்புக்கு வேலை அங்கேதான்.