ஏற்காட்டில் ஆக்சிஜன் அதிகமா?

"ஏற்காட்டில் ஆக்சிஜன் அதிகம். மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களை அங்கே தங்கவைத்தால் ஆக்சிஜன் மெஷினே வேண்டாம்." சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. ஆபத்தும்கூட.

காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். மரங்கள் நிறைய இருப்பதால் அது கூடிவிடாது. ஆனால் மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அதனால் மலையில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைவு. தூசி, புகை குறைவு என்பது சரி. ஆனால் மெஷின் துணையோடு மூச்சுவிடும் தாத்தாவுக்கு அது ஈடாகாது.

அப்புறம், மெஷின் தரும் ஆக்சிஜனின் அளவு யாரோ குத்துமதிப்பாக வைத்ததல்ல. டாக்டர் எழுதியபடி மூச்சு சிகிச்சையாளர் அதைப் பொருத்தி, பெரியவரை நடக்கவைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறார். சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பலருக்கு அதில் 88 முதல் 92 வரைதான் இலக்கு. "98 வரட்டும்" என்று வீட்டில் திருகிக் கூட்டினால், சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தூக்கக் கலக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். பார்க்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றே நினைப்பார்கள்.

மலைக்கு அழைத்துப் போக ஆசையென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். குளிரில் விரல் சில்லிட்டால் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள். மெஷினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.